மருத்துவர் சொல்லும் நோயாளர் செவியும்: தென்திருவிதாங்கூரின் இருநூறு ஆண்டுகள்

தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் 'பனி' என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர். மலையாளத்தில் 'பனி' என்றால் காய்ச்சல். நெய்யாற்றின்கரையிலிருந்து கிழக்கே மலையடிவாரம் நோக்கிப் போகும் வழியில் அமைந்த ஆரியங்கோடு, அதற்குத் தெற்கே பாறசாலை, எல்லை கடந்தால் களியக்காவிளை என்று நீளும் இந்த நிலப்பகுதியில் இரு பொருளும் ஒரே நாவில் வாழ்கின்றன. உடல்நலக் குறைவைச் சுட்டும் 'தீனம்' என்னும் சொல்லும் இப்படியே இரு மொழிக்கும் பொதுவானது. எல்லைப் பகுதி மக்களுக்கு இதில் குழப்பமே இல்லை. வெளியிலிருந்து வரும் மருத்துவருக்குத்தான் குழப்பம். வாந்தி எடுப்பதை 'சர்த்தி' என்றும், மயக்கம் வருவதைத் 'தலைகறக்கம்' என்றும் கேட்டுப் பழகாத காது, நோயாளி சொல்லும் குறியைப் பாதியிலேயே தவறவிடும். நோயாளியின் காதும் மருத்துவர் சொல்லும் அறிவுரையை அதே போலப் பாதியில் தவறவிடும்.

மருத்துவ வரலாறு பெரும்பாலும் மருந்துகளின் வரலாறாக, அறுவைக் கருவிகளின் வரலாறாக, கட்டடங்களின் வரலாறாக எழுதப்படுகிறது. மருந்து மருத்துவரின் கையிலிருந்து நோயாளியின் வாய்க்குப் போவதற்கு இடையில் ஒரு சொல் பயணம் செய்கிறது. அந்தச் சொல் யாரால், எம்மொழியில், எந்த உறவுநிலையில் சொல்லப்பட்டது, ஏன் கேட்கப்பட்டது அல்லது கேட்கப்படாமல் போனது என்ற கேள்விகளுக்குத் தென்திருவிதாங்கூரின் இரு நூற்றாண்டு வரலாற்றில் விடைகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஓரளவு தொகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பத்தியம் என்னும் ஒப்பந்தம்

மேலை மருத்துவம் வருவதற்கு முன்பு இந்நிலப்பகுதியில் மருத்துவம் இல்லாமல் இல்லை. எலும்பு முறிவுக்கும் அடிபட்ட ஊறுகளுக்கும் வர்ம ஆசான்கள் இருந்தனர். படுவர்மம் பன்னிரண்டு, தொடுவர்மம் தொண்ணூற்றாறு என நூற்றெட்டு நிலைகளைக் கணக்கிடும் அம்மரபின் ஏடுகள் தமிழில் எழுதப்பட்டவை. வீட்டில் மலையாளம் பேசியவர்களும் தமிழ் ஏடு படித்த ஆசானிடம் சென்றனர். ஆயுர்வேத வைத்தியர்களும், ஊர்ப் பேறுகாலத்தைப் பார்த்த மருத்துவச்சிகளும் தத்தம் வட்டங்களில் இயங்கினர்.

இம்மரபுகள் அனைத்துக்கும் பொதுவாக ஒரு சொல் இருந்தது: பத்தியம். வடமொழியின் 'பத்ய' என்ற சொல்லிலிருந்து வந்த இதற்கு 'வழிக்கு உகந்தது' என்று பொருள். இச்சாபத்தியம், கடும்பத்தியம், மறுபத்தியம் என அதற்குப் படிநிலைகள் உண்டு. எந்த உணவு ஆகும், எது ஆகாது, எத்தனை நாள், மருந்து நின்றபின் எப்படி மெல்ல மெல்ல வழக்கமான உணவுக்குத் திரும்புவது என்பதெல்லாம் அதில் அடங்கும். பத்தியம் காப்பது நோயாளியின் பங்கு. மருந்து கொடுப்பது வைத்தியரின் பங்கு. பத்தியம் முறிந்தால் மருந்து பலிக்காது என்பது இருவரும் ஏற்ற விதி.

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரமாகிய 'மருந்து', மருத்துவத்தை நான்கு கூறுகளாகக் கண்டு முடிகிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர் என்பவை அந்நான்கு. சரக சங்கிதையிலும் ஏறத்தாழ இதே பகுப்பு உண்டு. இப்பகுப்பில் நோயாளி மருத்துவத்துக்கு ஆட்படும் பொருளாக இல்லாமல் மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே எண்ணப்படுகிறார். பணிவிடை செய்பவருக்கும் தனியிடம் தரப்பட்டிருப்பது கருதத்தக்கது. கஞ்சி வைத்துக் கொடுக்கும் மனைவியோ, நேரத்துக்குக் கசாயம் காய்ச்சும் தாயோ இல்லாமல் பத்தியம் நிற்காது.

இதனால் பழைய முறையை முழுவதும் இலட்சியமாக்கிவிட இயலாது. திருவிதாங்கூரில் சாதி வகுத்த தீண்டல் தூரம் மருத்துவத்தையும் விட்டுவைக்கவில்லை. நாடி பிடிக்கத் தொட்டாக வேண்டும். யாரை யார் தொடலாம் என்பதைச் சாதி முன்கூட்டியே முடிவு செய்திருந்தது. ஒப்பந்தம் இருந்தது உண்மை. அவ்வொப்பந்தத்தில் சேர எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை.

ஆணையாக வந்த அறிவுரை

அரசு பொதுமக்களிடம் பெரிய அளவில் மருத்துவ அறிவுரை சொன்ன முதல் தருணம் அம்மை குத்தல் வந்தபோது நேர்ந்தது. எட்வர்ட் ஜென்னர் கண்டறிந்த கோவசூரித் தடுப்பு முறை 1802-ஆம் ஆண்டு சூனில் பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்குச் செலுத்தப்பட்டதோடு இந்தியாவில் காலூன்றியது. திருவிதாங்கூரில் கர்னல் மன்றோ ரெசிடென்டாக இருந்த காலத்தில், இராணி கௌரி லட்சுமிபாயின் ஆட்சியில், 1813-இல் அம்மை குத்தலுக்கென அரசுத் துறை தொடங்கியது. குடிமக்களின் அச்சம் நீங்க அரச குடும்பத்தார் தாமே முன்வந்து குத்திக்கொண்டனர்.

எதிர்ப்புக்குக் காரணம் அறியாமை ஒன்றே என்று அன்றைய அதிகாரிகள் எண்ணினர். உள்ளே பார்த்தால் வேறு காரணங்கள் தென்படும். முதலாவது, அம்மை நோய் வெறும் நோயாக உணரப்படவில்லை. தமிழ் வழக்கில் அம்மாள் வந்திறங்குகிறாள். தென்திருவிதாங்கூரின் முடிப்புரைகளில் குடிகொண்ட பத்திரகாளியோடும் வசூரிக்குத் தொடர்பு உண்டு. வந்த அம்மனைச் சாந்தப்படுத்தி வழியனுப்புவதற்கென வேப்பிலை, குளிர்ந்த உணவு, வீட்டு அமைதி, அயலார் வராத கட்டுப்பாடு என்று ஒரு நடைமுறை இருந்தது. அதுவும் ஒருவகைப் பத்தியமே. இரண்டாவது, அன்றைய குத்தல் முறை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு ஊனீரை எடுத்துச் செலுத்துவது. எந்தச் சாதிக் குழந்தையின் கையிலிருந்து எந்தச் சாதிக் குழந்தைக்கு என்ற கேள்வி உடனே எழுந்தது.

சென்னையில் இச்சிக்கலை மொழியால் தீர்க்க முயன்றவர்கள் இருந்தனர். திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்பதை 1816-இல் எடுத்துக்காட்டிய எல்லிஸ், அம்மை குத்தலை மக்கள் ஏற்பதற்காக ஒரு தொன்மக் கதையை உருவாக்கினார். சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதாக அமைந்த அக்கதையில் கோவசூரி தேவியின் அருட்கொடையாகவும், பசு தரும் புனிதப் பொருள்களோடு சேர்த்து எண்ணத்தக்கதாகவும் வருகிறது. 1819-இல் 'மதராஸ் கூரியர்' இதழில் 'கல்வி விரும்பன்' என்ற புனைபெயரில் வெளிவந்த கடிதம் ஒன்று, அம்மை குத்தும் முறை பழைய வடமொழி நூலிலேயே உள்ளது என்று உரிமை கொண்டாடியது. அப்படியொரு பழைய நூல் இல்லை என்பதை ஆய்வாளர்கள் பின்னர் நிறுவினர்.

இம்முயற்சியில் ஒரு கூர்மையான மொழியறிவு இருக்கிறது. ஒரு நேர்மைக் குறைவும் இருக்கிறது. புதிய மருந்தை மக்களின் கருத்துலகத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பதை எல்லிஸ் சரியாகவே உணர்ந்தார். அதற்காகப் பழமை ஒன்றைப் புனைந்து தருவது, கேட்பவரைச் சிந்திக்கும் மனிதராகக் கருதாமல் ஏமாற்றி இணங்கவைக்க வேண்டியவராகக் கருதுவதாகும். நோயாளிக்குத் தெரிந்த சொல்லில் பேசுவதற்கும், நோயாளியின் நம்பிக்கையைக் கருவியாக்குவதற்கும் இடையிலான கோடு இங்கே முதன்முதலாக மங்குகிறது. பின்வந்த காலங்களிலும் அக்கோடு பலமுறை மங்கியிருக்கிறது.

சொல் பலிக்காத இடத்தில் ஆணை வந்தது. 1879-இல் திருவிதாங்கூர் அரசு பிறப்பித்த அறிவிப்பு அரசு ஊழியர், மாணவர், சிறைவாசிகள் போன்றோர்க்கு அம்மை குத்தலைக் கட்டாயமாக்கியது. அரசின் கைக்கு எட்டிய உடல்கள் இவை. வயலிலும் பனங்காட்டிலும் இருந்த உடல்களுக்கு ஆணை எளிதில் எட்டவில்லை.

நெய்யூரின் திண்ணை

அரசின் ஆணைக்கு இணையாக இன்னொரு வழியும் இதே நிலத்தில் உருவாயிற்று. கல்குளம் வட்டத்து நெய்யூரில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த ஆர்ச்சிபால்ட் இராம்சே 1838-இல் மருத்துவப் பணியைத் தொடங்கினார். நீண்ட இடைவெளிக்குப் பின் 1852-இல் வந்த சார்லஸ் லீட்ச் இரண்டே ஆண்டுகளில் கடலில் மூழ்கி இறந்தார். 1861-இல் வந்த ஜான் லோ நிலையான அடித்தளம் இட்டார்.

லோ செய்த பணிகளுள் நீடித்த விளைவு கண்டது உள்ளூர் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து மருத்துவ உதவியாளர்களாகப் பயிற்றுவித்தது. அவர்கள் கிளை மருந்தகங்களுக்கு அனுப்பப்பட்டனர். அந்த இளைஞர்கள் நோயாளிகளின் மொழியில் பிறந்தவர்கள். 'வயிறு இளகுது' என்றால் என்ன, 'நெஞ்சு கரிக்குது' என்றால் என்ன, 'மேலுக்குச் சுகமில்லை' என்று ஒரு பெண் தலைகுனிந்து சொன்னால் அதன் பின்னே என்னென்ன இருக்கலாம் என்பதை அவர்கள் மொழிபெயர்ப்பின்றி அறிந்தனர். ஐரோப்பிய மருத்துவரின் கத்திக்கும் கிராமத்து நோயாளியின் உடலுக்கும் இடையே நின்ற இவர்களுடைய பெயர்களை மருத்துவ வரலாறு அரிதாகவே பதிவு செய்கிறது. மருத்துவரின் சொல் நோயாளி வீட்டு அடுப்படி வரை சென்றது பெரும்பாலும் இவர்கள் வாய் வழியாகவே.

மிஷன் மருத்துவமனைக்கு மதம் பரப்பும் நோக்கமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மருந்துக்குக் காத்திருப்போர் வேதவசனமும் கேட்டனர். அதே திண்ணையில் வெவ்வேறு சாதியினர் ஒரே வரிசையில் அமரும் நிலையும் மெல்ல உருவாயிற்று. 1859-இல் தோள்சீலைக் கலகம் உச்சம் கண்ட நாட்டில், உடலை மறைக்கும் உரிமைக்கே போராட வேண்டியிருந்த மக்களின் உடலை ஒரு மருத்துவர் தயங்காமல் தொட்டுப் பார்த்தார் என்பது சிறிய செய்தியில்லை. அந்தத் தொடுகையே பலருக்கு முதல் மருத்துவ அறிவுரையாக இருந்திருக்க வேண்டும்.

இதே காலத்தில் பாக்கு நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மொழி பற்றிய கேள்வி இன்னும் அடிப்படையாக எழுப்பப்பட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்சைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிரீன் 1847-இல் அங்கு வந்தார். ஆங்கிலத்தில் மருத்துவம் கற்ற மாணவர்கள் அரசுப் பணி தேடி நகரங்களுக்குப் போவதையும், கிராமம் மருத்துவரின்றி நிற்பதையும் கண்டு, 1860-களில் மருத்துவக் கல்வியையே தமிழுக்கு மாற்றினார். உடற்கூற்றியல், அறுவை மருத்துவம், மகப்பேறு, வேதியியல் எனப் பல துறை நூல்கள் தமிழாயின. கலைச்சொல்லுக்கு முதலில் தமிழில் தேடுதல், பின் வடமொழியில் தேடுதல், இரண்டிலும் கிடைக்காதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் ஏற்றல் என்பது அவரது முறை. வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர் வந்தது இவ்வகையில்தான். அந்த நூல் 1875-இல் அச்சானது நாகர்கோவிலில். யாழ்ப்பாணத்தின் சொல்லாக்கமும் தென்திருவிதாங்கூரின் அச்சு எழுத்தும் இவ்வாறு சந்தித்தன.

கிரீன் பயிற்றுவித்த அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் தமிழில் சிந்தித்துத் தமிழில் விளக்கம் தந்தனர். மருத்துவர் படித்த மொழிக்கும் நோயாளி பேசும் மொழிக்கும் இடையே தொலைவு குறைந்தால், அறிவுரை மொழிபெயர்ப்பில் சிந்திப்போவதும் குறையும். எளியதாகத் தோன்றும் இந்த உண்மையைப் பாடத்திட்டமாகவே ஆக்கியவர் அவர். அவருக்குப் பின் அம்முயற்சி தொடராமற் போனது தமிழ் மருத்துவக் கல்வியின் பெரிய இழப்பு.

யாருடைய கை

மொழி ஒன்றானாலே சொல் ஏற்கப்படும் என்று முடிவு கட்டிவிட முடியாது. சொல்பவர் யார் என்பதும் கேள்வி. 1863-இல் திருவனந்தபுரத்தில் ஈழவக் குடும்பத்தில் பிறந்த பல்ப்பு சென்னையில் மருத்துவம் பயின்று தேறினார். திருவிதாங்கூர் மருத்துவத் துறை சாதியைக் காரணமாக்கி அவருக்கு வேலை மறுத்தது. மைசூர் அரசு அவரை ஏற்றது. அம்மைப்பால் தயாரிக்கும் பணியிலும், பின்னர் பெங்களூரைப் பிளேக் தாக்கியபோது நோயாளரிடையிலும் அவர் உழைத்தார். 1896-இல் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட ஈழவர்கள் ஒப்பமிட்ட விண்ணப்பத்தைத் திருவிதாங்கூர் மன்னருக்கு அளிக்க முன்னின்றவரும் அவரே.

இந்நிகழ்வைச் சாதி வரலாற்றில் மட்டும் வைத்துப் படிப்பது வழக்கம். மருத்துவ உரையாடலின் வரலாற்றிலும் இதற்கு இடமுண்டு. தன் குடிமக்கள் அம்மை குத்திக்கொள்ளத் தயங்குகிறார்கள் என்று வருந்திய அரசு, அம்மக்களிடம் அவர்கள் மொழியில், அவர்களுள் ஒருவராக நின்று பேசக்கூடிய மருத்துவரை எல்லைக்கு வெளியே அனுப்பியது. கேட்பவர் மனத்தில் நம்பிக்கை இல்லை என்று குறைகூறிய நிருவாகம், நம்பிக்கைக்குரியவரைச் சொல்ல விடவில்லை.

பெண்களின் நிலை வேறு. பேறுகாலம் வீட்டில், மருத்துவச்சியின் கையில் நிகழ்ந்தது. மருத்துவமனையில் பிள்ளை பெறுவது அச்சத்துக்கும் கூச்சத்துக்கும் உரியதாயிருந்தது. இலண்டனில் மருத்துவம் பயின்று 1916-இல் திரும்பிய மேரி புன்னன் லூக்கோஸ், திருவனந்தபுரம் தைக்காடு மகளிர் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். அவர் செய்த இரண்டு செயல்கள் இங்கு நினைக்கத்தக்கவை. மருத்துவச்சிகளைப் பகைத்துக்கொள்ளாமல், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே மருத்துவமனையில் பேறுகாலப் பயிற்சி தந்தார். தம் முதற்குழந்தையை அதே மருத்துவமனையில் பெற்றெடுத்தார். நூறு சொற்பொழிவுகள் செய்யாததை அந்த ஒரு பேறு செய்தது என்றால் மிகையாகாது. நூறாண்டுக்கு முன் அரச குடும்பம் அம்மை குத்திக்கொண்டதும் இவ்வகைச் செயலே. மேலிருந்து ஒரு முன்மாதிரி இறங்கிவந்தது முன்னது. அருகிருந்து ஒரு பெண் பிற பெண்களுக்குக் காட்டிய வழி பின்னது. 1938-இல் அவர் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரலாக உயர்ந்தார்.

அறிவுரையும் அடுப்பும்

இருபதாம் நூற்றாண்டின் இருபதுகளில் அறிவுரையின் இயல்பே மாறத் தொடங்கியது. நோய் வந்தபின் மருந்து கொடுப்பதோடு நில்லாமல், நோய் வராதிருக்க வாழ்க்கையை மாற்றிக்கொள்ளச் சொல்லும் பொதுச் சுகாதாரம் வந்தது. 1928-இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் ஒத்துழைப்போடு திருவிதாங்கூரில் கொக்கிப்புழு ஆய்வும் ஒழிப்புப் பணியும் தொடங்கின. 1933-இல் பொதுச் சுகாதாரத் துறை தனித்துறையாயிற்று. முப்பதுகளில் நெய்யாற்றின்கரையிலும் ராக்பெல்லர் ஆதரவுடன் சுகாதாரப் பிரிவு ஒன்று இயங்கியது.

கொக்கிப்புழு வெறுங்காலின் தோல்வழி உடலுள் புகும். மருந்து குடித்துப் புழுவை வெளியேற்றினாலும், திறந்த வெளியில் மலங்கழிக்கும் வழக்கமும் செருப்பில்லா நடையும் தொடர்ந்தால் புழு திரும்ப வரும். ஆகவே 'செருப்பு அணிக, கழிப்பிடம் கட்டுக' என்பது அறிவுரை. சில சாதியினர் செருப்பணிந்து தெருவில் நடப்பதே குற்றமாகக் கருதப்பட்ட காலம் அப்போது முழுவதும் மறைந்துவிடவில்லை. செருப்பு வாங்கக் காசும் இல்லை. ராக்பெல்லர் பணியாளர் பல நாடுகளில் கைக்கொண்ட உத்தி, நுண்ணோக்கியின் வழியே புழுவின் முட்டையை மக்களே காணச் செய்வது. கண்ணால் கண்டவர் நம்பினர். நம்பியவர் எல்லோராலும் செய்ய முடிந்ததா என்பது தனிக் கேள்வி.

எவரெஸ்ட் ஏற்றக் குழுவில் சென்ற அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல், பயணத்தின் முடிவில் நெய்யூருக்கு வந்து, காத்திருக்கும் நோயாளர் கூட்டத்தையும் அவர்களைப் பார்க்க இருந்த மருத்துவரின் தனிமையையும் கண்டு, 1923 முதல் அங்கேயே பணியாற்றினார். அவர் மிகுதியாகக் கண்ட நோய்களுள் ஒன்று சிறுகுடல் தொடக்கத்தில் வரும் புண். அவரும் உடனிருந்தோரும் அதை இப்பகுதியின் உணவோடு தொடர்புபடுத்தினர். மரச்சீனியே பல குடும்பங்களின் முதன்மை உணவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மன்னர் விசாகம் திருநாள் பஞ்சத்துக்கு மாற்றாகப் பரப்பிய கிழங்கு அது. அரிசி வாங்க இயலாதவரைக் காத்தது. மிளகாய்க் கறியோடு அதை உண்டு வாழ்ந்த கூலித் தொழிலாளியிடம் 'காரம் குறை, பால் குடி, நேரத்துக்குச் சாப்பிடு' என்று சொன்னால் அவர் தலையசைப்பார். வீட்டில் அடுப்பு வேறொரு கணக்கில் எரியும். மருத்துவரின் குறிப்பில் அவர் சொல்பேச்சுக் கேளாதவர்.

சொல்லப்பட்டது புரிந்தும், சொன்னவரை நம்பியும், கடைப்பிடிக்க இயலாத நிலை இது. பத்தியத்தின் மரபில் நான்காம் கூறாக எண்ணப்பட்ட வீட்டையும் பணிவிடை செய்வோரையும் மறந்து, நோயாளியைத் தனியாளாகக் கருதிச் சொல்லப்படும் அறிவுரையின் எல்லை இதுவே.

சேத்துப்பட்டின் பாடம்

இந்தச் சிக்கலை அளந்து பார்த்த முதல் பெரிய ஆய்வு தமிழ் மண்ணில்தான் நிகழ்ந்தது. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையம் அமைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை அரசு ஆகிய நான்கும் இணைந்து தொடங்கிய மையம் அது. அதை வழிநடத்தியவர் வாலஸ் பாக்ஸ். காசநோயாளியைச் சானடோரியத்தில் சேர்த்து ஓய்வும் நல்லுணவும் தந்தாலன்றிக் குணமாகாது என்பது அதுவரை நிலவிய கருத்து. படுக்கைகளோ மிகக் குறைவு. 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மறுபிரிவினருக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு ஒரே மருந்துகள் தரப்பட்டன. 1959-இல் வெளியான முடிவு உலகை வியக்கவைத்தது. நெரிசலான குடிசையில், எளிய உணவோடு இருந்தவரும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர்.

அதனோடு இணைந்த இன்னொரு கண்டுபிடிப்பு அவ்வளவு பேசப்படவில்லை. மருந்தை நோயாளிகள் உண்மையில் விழுங்குகிறார்களா என்று அறிய, முன்னறிவிப்பின்றி வீடு சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். இருமல் நின்று உடல் தேறியதும் பலர் மாத்திரையைத் தவறவிடத் தொடங்குவது தெரிந்தது. இது ஏழையின் குணமோ கல்லாதவரின் குணமோ இல்லை என்பதைப் பாக்ஸ் உணர்ந்தார். நெடுநாள் மருந்தைத் தானே உண்ணும் எவருக்கும் நேரக்கூடியது என அவர் 1958-இலேயே எழுதினார். நோயாளியின் கண்முன் நோய் இருக்கும்வரை மருந்துக்குப் பொருள் உண்டு. நோய் கண்ணிலிருந்து மறைந்தபின் மருந்துக்குப் பொருள் தருவது மருத்துவரின் சொல் ஒன்றே. நேரடிக் கண்காணிப்பில் மருந்து தரும் முறை சென்னையின் இவ்வாய்வுகளிலிருந்தே உலகெங்கும் பரவியது.

அம்முறையிலும் இரண்டு முகங்கள் இருந்தன. மாத்திரை எண்ணும் கண் காவலரின் கண்ணாகலாம். வாரந்தோறும் வந்து நலம் விசாரிக்கும் உறவாகவும் ஆகலாம். எந்த முகம் வெளிப்பட்டதோ அதைப் பொறுத்தே நோயாளி கதவைத் திறந்தார்.

ஆங்கிலத்தில் இத்துறையின் கலைச்சொற்கள் மாறிவந்த வரிசையைப் பார்த்தால் இக்கருத்து தெளிவாகும். 1970-களில் வழங்கிய 'கம்ப்ளையன்ஸ்' என்பதற்குக் கீழ்ப்படிதல் என்று பொருள். பின்னர் பரவலான 'அட்ஹியரன்ஸ்' கடைப்பிடித்தலைக் குறிக்கும். 1990-களின் இறுதியில் பிரிட்டனில் முன்மொழியப்பட்ட 'கன்கார்டன்ஸ்' மருத்துவரும் நோயாளியும் காணும் உடன்பாட்டைச் சுட்டும். நெடுநாள் நோய்க்கான மருந்துகளை வளர்ந்த நாடுகளிலேயே ஏறத்தாழப் பாதிப் பேர்தான் ஒழுங்காகக் கடைப்பிடிக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் அறிவித்தது. கீழ்ப்படிதலிலிருந்து உடன்பாட்டுக்கு மேலை மருத்துவம் வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆயின. பத்தியம் என்ற சொல்லுக்குள் அவ்வுடன்பாடு முன்பே, சாதிக் குறையோடேனும், இருந்தது.

எல்லைக்கு இருபுறமும்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நெய்யூர் ஒரு மாநிலத்திலும் ஆரியங்கோடு மறு மாநிலத்திலும் ஆயின. நோய்க்கு எல்லை தெரியாது. மருந்துச் சீட்டின் மொழிக்குத் தெரியும். ஒரே தாய்வழி உறவினருள் ஒரு வீட்டுக்கு மருத்துவமனை அறிவிப்புப் பலகை தமிழிலும் இன்னொரு வீட்டுக்கு மலையாளத்திலும் எழுதப்பட்டது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், குறிப்பிட்ட பகுதிகளில் வாழும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதம் எழுத உரிமை தருகிறது. கடிதத்துக்குக் கிடைத்த அந்த உரிமை, மருத்துவர் அறையில் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் பேச்சை எட்டுவதில்லை.

இன்று இருபுறத்திலும் மருத்துவம் மீண்டும் வீடு தேடி வருகிறது. கேரளம் 2008-இல் வகுத்த நோய்த்தணிப்புக் கொள்கைக்குப் பின், ஊராட்சிகளின் துணையோடு செவிலியர் படுத்த படுக்கையானவர்களின் வீட்டுக்கே செல்கின்றனர். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை வாசலில் கொண்டுவந்து தருகிறது. இவ்விரு நோய்களும் சேத்துப்பட்டு கண்ட சிக்கலையே வாழ்நாள் முழுமைக்கும் நீட்டியவை. வலி இல்லை, இருமல் இல்லை. மாத்திரை மட்டும் நாள்தோறும் உண்டு. ஏன் உண்ண வேண்டும் என்பதை ஒரு முறை சொல்லிவிட்டால் போதாது.

வாசலுக்கு வருபவர் என்ன மொழியில் பேசுகிறார் என்பது அங்கே அலங்காரமான கேள்வி ஆகாது. மரச்சீனியை முற்றாக விலக்கச் சொல்கிறாரா, எத்தனை துண்டு ஆகும் என்று வீட்டாரோடு கணக்கிடுகிறாரா? 'பனி உண்டோ' என்று கேட்டபின், விடைக்காகச் சற்றே காத்திருக்கிறாரா? மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று ஒரு முதியவள் அஞ்சாமல் சொல்லும்படி அவர் நடந்துகொள்கிறாரா? இரு நூற்றாண்டுகளாக இந்நிலத்தில் ஏட்டிலிருந்து பத்தியம் சொன்னவர்களும், மருந்தகத் திண்ணையில் காயம் கட்டியவர்களும், தைக்காட்டில் மருத்துவச்சியின் மகளுக்குக் கற்பித்தவர்களும் பெற்ற வெற்றியெல்லாம் இக்கேள்விகளுக்கு அவர்கள் நடத்தையால் அளித்த விடையில் அடங்கும். மருத்துவக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் நோயாளியின் வட்டார வழக்குக்கு ஒரு பருவமேனும் ஒதுக்கப்படும் வரை, அவ்விடையை ஒவ்வொரு செவிலியும் களப்பணியாளரும் தாமே புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.